நடுவில் ஒரு கம்பி

“நடுவுல ஒரு கம்பி வெச்சிடுங்களேன்மா. ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கிட்டா சர்க்யூட் முழுசாயிடும்ல? எதுக்குக் கையைப் பிடிக்கச் சொல்லி வம்பு?”

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. பொறியியல்படி பார்த்தால் அவர் சொன்னது சரிகூட. கம்பி வைத்தாலும் எங்கள் விளையாட்டு ஓடும். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் தோழன் ஆட்டவில்லை. அவன் ஏன் ஆட்டவில்லை என்பது எனக்குப் புரியப் பல நாள் ஆனது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆண்டு புராஜெக்டாக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்தது. பெயர் ‘ஓடம்’. இரண்டு பேர் அருகருகே நிற்க வேண்டும். ஒருவர் தன் இடக்கையால் மற்றவரின் வலக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருவர் மணிக்கட்டிலும் ஒரு பேண்ட் இருக்கும். கைகள் சேர்ந்திருக்கும்வரை உணரவே முடியாத ஒரு மெல்லிய சிக்னல் ஒருவர் தோலிலிருந்து மற்றவர் தோலுக்குப் போகும். கையை விட்டால் சிக்னல் அறுந்து, திரையில் ஓடம் நின்றுவிடும். முதல் ஆளின் வலக்கையில் சின்ன லீவர். இரண்டாவது ஆளின் இடது முன்கையில் இரண்டு ஒட்டும் பேட்கள். லீவரை அசைத்தால் அந்தப் பேட் வழியாகத் தசைக்கு மின்துடிப்பு போய், மணிக்கட்டு தானாக மேலே எழும். அந்தக் கைதான் துடுப்பு. ஆக, நான் ஓடம் ஓட்ட வேண்டுமானால் உன் கை வேண்டும். உன் கையை அசைக்க, உன் இன்னொரு கையை நான் பிடித்திருக்க வேண்டும்.

மின்துடிப்பு என்றதும் பயப்பட வேண்டாம். பிசியோதெரபிக்குப் போய் வந்தவர்கள் ‘கரண்ட் வெச்சாங்க’ என்பார்களே, அதேதான். என் பாட்டிக்கு முகவாதம் வந்தபோது வைத்தார்கள். பேட்டரியில் ஓடும் கருவி. வீட்டு மின்சாரத்தோடு அதற்கு ஒட்டு உறவே கிடையாது. பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். முதலில் எறும்பு ஊர்வது போலிருக்கும், பிறகு ஊசிமுனைகள் தட்டுவது போல. அதற்குப் பிறகு ஒரு நொடியில், நீங்கள் சொல்லாமலே, உங்கள் கை எழும். அந்த இடத்தில் சிரிக்காதவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் விளையாடக் கூடாது. இரண்டு பேடும் ஒரே முன்கையில்தான் ஒட்ட வேண்டும். மார்புக்குக் குறுக்கே கரண்ட் ஓடும்படி வைக்கவே கூடாது. தசை சீக்கிரம் களைத்துப்போகும் என்பதால் ஓர் ஆட்டம் மூன்று நிமிடம்தான்.

இந்த யோசனை எங்கள் மூளையில் உதித்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். 1995இல் ஸ்டெலார்க் என்ற ஆஸ்திரேலியக் கலைஞர் லக்சம்பர்க்கில் நின்றுகொண்டு, பாரிஸின் பாம்பிடூ மையத்தில் இருந்தவர்கள் கணினி வழியாகத் தன் தசைகளை அசைக்க விட்டார். 2011இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் எமி தமாகியும் கூட்டாளிகளும் முன்கையில் பேட் ஒட்டி விரல்களை அசைத்து, கோட்டோ என்ற ஜப்பானியத் தந்திக் கருவியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு உதவப் பார்த்தார்கள். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் எக்ஸர்ஷன் கேம்ஸ் லேப், இதை முழுக்க விளையாட்டுப் பக்கம் திருப்பியது. உங்கள் ஒரு கையைக் கணினி அசைக்கும், இன்னொரு கை உங்களுடையது, உங்கள் கையோடு நீங்களே மோத வேண்டும். பிறகு இரண்டு பேரின் உடல்களைக் கரண்டால் இணைக்கும் விளையாட்டுகளும் அங்கே வந்தன. எங்கள் ‘ஓடம்’ இவற்றின் ஏழை வீட்டுப் பிள்ளை. பேட்களைச் சீரமைத்ததும், சர்க்யூட்டைச் சால்டர் பண்ணியதும் என் தோழன்தான். எனக்குச் சால்டரிங் வராது. நான் டிசைன் பக்கம்.

அந்த டிசைனில்தான் தவறு செய்தேன்.

நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தன: ஒப்புதல். என் உடலை இன்னொருவர் அசைக்கிறார் என்றால், எந்த நொடியிலும் நான் வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும். படித்ததும் மனதுக்கு நெருக்கமாக இருந்தது. நான் நான்கு வருடம் டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்தவள். பையில் ஊக்கு வைத்துக்கொண்டு போவது ஏன் என்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. கையைப் பிடிக்கச் சொல்லும் ஒரு விளையாட்டில் ஒரு பெண் மாட்டிக்கொண்டு நெளியக் கூடாது என்று நினைத்தேன். அதனால் திரையில் ‘உங்கள் இணை’ என்று பெயரும் துறையும் வரும்போதே, கீழே ‘வேறு இணை’ என்று ஒரு பட்டன் வைத்தேன். இருவரில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தியது யார் என்று மற்றவருக்குத் தெரியாது. காரணம் கேட்கப்படாது. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இந்தப் பட்டனுக்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவ்வளவு பெருமை.

டெக் ஃபெஸ்ட் இரண்டு நாள். முதல் நாள் யாரும் யாரோடும் விளையாடலாம் என்று விட்டோம். நண்பர்கள் நண்பர்களோடு வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு ஒயர் என்று எங்களுக்கே தோன்றியது. இரண்டாம் நாள் டோக்கன் போட்டோம், குலுக்கலில் இணை. சாயங்காலம் கூட்டம் வடிந்த பிறகு லேப்டாப்பில் பதிவான லாக்கை மூவரும் பார்த்தோம். என் தோழன் வேலைக்கு நடுவே ஐந்து முறை டோக்கன் எடுத்திருந்தான். ஐந்து முறையும் ‘இணை மாற்றப்பட்டது’. அவன் செய்த விளையாட்டை அந்த இரண்டாம் நாளில் அவனால் ஒரு முறைகூட ஆட முடியவில்லை.

எங்கள் வகுப்பில் யார் எந்த ஆள் என்பது முதல் செமஸ்டரிலேயே எல்லாருக்கும் தெரியும். ஸ்காலர்ஷிப் பட்டியலைப் பெயர் பெயராக வகுப்பில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் ஊர் எது, தெரு எது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்தும் சாதியால்தான் என்று நான் நிரூபிக்க முடியுமா? முடியாது. ஒருவனுக்கு போன் வந்திருக்கலாம். ஒருவனுக்குப் பேட் ஒட்டினால் அரிப்பு என்று சொன்னதை நானே கேட்டேன். இருபது நிமிடம் கழித்து அதே பேடை ஒட்டிக்கொண்டு வேறொருவனோடு சிரித்து ஆடினான், அதையும் பார்த்தேன். எங்கள் குழுவின் மூன்றாமவர், நல்ல பிள்ளை, “கை ரொம்ப வேர்க்குது போல மச்சான், அதான்” என்று ஆறுதலாகச் சொன்னார். வேர்த்த கையில் சிக்னல் இன்னும் நன்றாகவே போகும். அதைச் சால்டர் பண்ணியவனிடமே சொல்கிறார்.

அவன் லாக்கை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: “பட்டன் நல்லா வேலை செய்யுதுப்பா.”

1746இல் பிரான்சில் நோலே என்ற இயற்பியலாளர், பதினைந்தாம் லூயி மன்னர் முன்னால் 180 காவலர்களைக் கைகோத்து நிற்க வைத்து, லைடன் ஜாடியில் சேர்த்த மின்சாரத்தை அவர்கள் வழியாகப் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். கரண்டை வைத்து ஆடிய பழைய தொடு விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. சில பத்தாண்டுகள் கழித்து சிகோ த லா ஃபோன் என்பவர் இதே மாதிரி ஒரு சங்கிலி நிறுத்தியபோது, அதிர்ச்சி ஓர் இளைஞனோடு நின்றுபோனது. உடனே கதை கட்டினார்கள்: அவன் ஆண்மை இல்லாதவன், அதனால்தான் அவன் உடலில் மின்சாரம் போகவில்லை என்று. ஆண்மை நீக்கப்பட்ட அரசவைப் பாடகர்களைச் சங்கிலியில் நிற்க வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அதிர்ச்சி அடித்தது. உண்மைக் காரணம், அந்த இளைஞன் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்ததுதான். மின்சாரம் நிலத்துக்குள் இறங்கிவிட்டது. சங்கிலி எந்த உடலில் அறுகிறதோ அந்த உடலில்தான் குறை தேடுவார்கள். அது நிற்கும் தரையைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். எங்கள் நல்ல பிள்ளையும் வேர்வையைத்தான் தேடினார்.

சுந்தர் சருக்கை 2009இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் தீண்டாமை பற்றி ஒரு தத்துவக் கட்டுரை எழுதினார். கோபால் குருவும் அதே விவாதத்தில் எழுதினார். இரண்டும் பிறகு ‘தி கிராக்ட் மிரர்’ நூலில் வந்தன. தொடுதல், பார்ப்பது மாதிரி ஒருவழிப் பாதை அல்ல. தொடுகிறவர் அதே கணத்தில் தொடப்படுகிறார். தொட மறுப்பவன் மற்றவரை மட்டும் தள்ளி வைக்கவில்லை, தன் தோலையே மூடிக்கொள்கிறான் என்பது சருக்கை போகும் திசை. ஃபெஸ்ட் முடிந்த வாரத்தில் இதைத் தேடிப் படித்து, உற்சாகமாகத் தோழனிடம் சொன்னேன். “சரி, தோலை மூடிக்கிட்டது அவனுங்க. ஆட முடியாம நின்னது நான்தானே?” என்றான்.

என் தவறு எங்கே என்று சொல்லப் பார்க்கிறேன். தொடுதலை ஆராயும் மேலைநாட்டு டிசைன் கட்டுரைகளில், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எப்போதும் பலவீனமானவர் கையில் இருக்கும் கேடயமாகவே வருகிறது. என் பஸ் அனுபவத்தில் அது உண்மை. ஆனால் இந்த நாட்டில் வேண்டாம் என்று சொல்வதே காலங்காலமாக வலுத்தவன் கையில் இருந்த ஆயுதம். தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றியது, காசைத் தரையில் போட்டது, டீக்கடையில் தனி டம்ளர் வைத்தது எல்லாமே ‘எனக்குத் தொட விருப்பமில்லை’ என்ற தனிமனித விருப்பத்தின் வடிவத்தில்தான் நடந்தன. 1927 மார்ச்சில் மஹாட் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் தண்ணீர் குடித்த பிறகு, சாணமும் கோமியமும் கலந்த குடங்களை அந்தக் குளத்தில் கொட்டித் தீட்டுக் கழித்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் ‘இது எங்கள் உரிமை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் பட்டன் இந்த இரண்டு ‘வேண்டாம்’களையும் ஒன்றாக்கி, அதன்மேல் ரகசியம் என்ற போர்வையையும் போர்த்திக் கொடுத்தது. ஊரில் ஒருவன் தள்ளி நின்றால் குறைந்தது அவன் யார் என்று தெரியும்.

கம்பிக்கு வருகிறேன். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பெட்ரோ லோப்பஸ் குழு 2015இல் ஒரு கருவி செய்தது. பொருள்களே தங்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று உங்கள் தசைக்குச் சொல்லும். ஸ்ப்ரே டப்பாவை எடுத்தால் கை தானாகக் குலுக்கும். சூடான கோப்பையை நோக்கிக் கை போனால், கரண்ட் சுண்டி கை பின்வாங்கும். சூட்டுக்காகச் செய்தது, அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் கையை விலக்கும் ஒரு கோப்பை என்று படித்ததும் என் தோழனுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்? எங்கள் பேராசிரியரின் கம்பியும் அப்படித்தான். தொடாமல் வேலை முடிய ஒரு கருவி. கொட்டாங்குச்சியும் நீண்ட அகப்பையும் அந்தந்தக் காலத்தின் கம்பிகள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு பெண்ணாக எனக்குக் கம்பி பிடித்திருந்தது. நான் தலையாட்டியது அதனால்தான்.

இதில் இன்னொரு ஆசையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கரண்டால் மணிக்கட்டைத் தூக்க முடியும் என்றால், விரல்களை மடக்கவும் முடியும். ‘ஓடம்’ முதல் வடிவத்தில் அப்படித்தான் செய்திருந்தோம்: இருவரும் கையை அருகில் கொண்டு வந்தால் போதும், விரலை மடக்கும் தசைக்குக் கரண்ட் போய்க் கைகள் தாமாகக் கோத்துக்கொள்ளும். ஃபெஸ்ட்டுக்குப் பிறகு, ஹாஸ்டல் மொட்டை மாடியில், அந்த வடிவத்தையே திரும்பக் கொண்டு வந்தால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். பட்டனை எடுத்துவிடுவோம். டோக்கன் விழுந்தால் பிடித்துத்தான் ஆக வேண்டும். எவன் கை பின்வாங்குகிறது என்று பார்ப்போம். கோபத்தில் சொன்னது. கேட்டவர்கள் கைதட்டினார்கள்கூட.

தோழன் வேண்டாம் என்றான். “அந்த வெர்ஷன் டெஸ்ட் பண்ணப்போ ஒருத்தன் என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா? ‘நான் புடிக்கல, மெஷின் புடிச்சுது’ன்னு சொல்லிச் சிரிச்சான். அவனுக்கு அது ஜோக். அந்த மெஷின் அவனுக்குச் சாக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “அப்புறம், அவனுங்க திருந்துறதுக்கு என் கை என்ன லேப் அப்பரேட்டஸா?” என்றான்.

என்னிடம் பதில் இல்லை. கட்டாயத்தை அவன் எதிர்க்கவில்லை. கிணற்றையும் கோயிலையும் கடையையும் சட்டம் போட்டுத் திறக்கத்தான் வேண்டும்; 1955இன் சட்டம் அதைத்தான் செய்ய வந்தது. அந்தச் சட்டத்துக்கு எவன் தசையையும் இழுக்க வேண்டிய தேவை இல்லை. கரண்ட் வைத்து ஒருவன் விரலை மடக்கினால், அவன் மனம் நகராது, மறுபக்கத்தில் இருக்கும் கைதான் அவமானப்படும். பெண்கள் பக்கமிருந்து யோசித்தால் இன்னும் மோசம். ஒரு பெண்ணின் விரலை அவள் விருப்பமின்றி மடக்கும் கருவியை நானா செய்வேன்?

அதனால் கருவி கையைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தோம். பிடிப்பது நீங்கள், பிடித்த பிறகு நடப்பதில் மட்டும் கரண்டுக்கு வேலை. ‘வேறு இணை’ பட்டனை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ‘நிறுத்து’ என்று ஒன்று. யாரும் எப்போதும் அழுத்தலாம், காரணம் தேவையில்லை, ஆட்டம் அந்த நொடியே நிற்கும், கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கும். ஆனால் அழுத்தியவர் அடுத்த ஆளைப் பொறுக்க முடியாது. வரிசையின் கடைசிக்குப் போய்ப் புது டோக்கன் எடுக்க வேண்டும். அழுத்தப்பட்டவர் வரிசையில் முதல் ஆளாகவே நிற்பார். ஒப்புதல் எல்லாம் டோக்கன் எடுக்கும் முன்பே: எவ்வளவு கரண்ட் தாங்கும், கையா கம்பியா, துடுப்பா லீவரா. ஆள் யார் என்று தெரிவதற்கு முன் சொல்ல வேண்டும். கம்பி கேட்பவருக்குக் கம்பி உண்டு, யாரோடு ஆடினாலும் கம்பிதான்.

பெண்களுக்குத் தனிச் சுற்று வைத்தோம். வேண்டுமென்றால் அதில் சேரலாம். உடனே வந்தது கேள்வி, அதுவும் முற்போக்கு பேசும் நண்பரிடமிருந்து: “பெண்களுக்கு ஆளைப் பிரிச்சு குடுக்கலாம்னா, மத்தவங்களுக்கு ஏன் கூடாது?” யார் தள்ளி நிற்க இடம் கேட்கிறார், அந்த இடைவெளியால் யாருக்கு எது கிடைக்காமல் போகிறது என்று பாருங்கள், போதும். பஸ்ஸில் நான் விலகி நின்றால் எந்த ஆணும் எதையும் இழப்பதில்லை. அவன் முன்னால் ஐந்து பேர் விலகியபோது அவன் வரிசையையே இழந்தான். பெண்கள் சுற்றுக்குள்ளேயும் சாதி வராதா என்றால், வரும். அங்கேயும் டோக்கன்தான், அங்கேயும் பொறுக்க முடியாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு கல்லூரி விளையாட்டு, இரண்டு பேட், ஒரு பட்டன். இருக்கட்டும். ஆனால் உடலோடு ஒட்டும் கருவிகள் ஆய்வுக்கூடத்தோடு நிற்கப்போவதில்லை, அவற்றின் விதிகளை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர் படிக்கும் அதே பாடங்களைப் படித்தவர்கள். எங்கள் ஊரில் பச்சைக்குதிரை ஆடுவோம். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பிள்ளைகளின் முதுகிலும் கைவைத்துத் தாண்டுவார்கள். சாயங்காலம் தெருவில் ஆடும்போது காலனிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். யாரும் விரட்டி நான் பார்த்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அப்போதும் எங்களிடம் ஏதோ ஒரு பட்டன் இருந்திருக்கிறது.

புது விதிகளோடு ‘ஓடம்’ இதுவரை ஒரே ஒரு முறைதான் ஓடியிருக்கிறது, தெரிந்தவர் நடத்திய ஒரு கோடை முகாமில். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், வீட்டில் கையெழுத்து வாங்கியது. ஒரு பையன் டோக்கனைப் பார்த்துவிட்டு, யாரும் எதுவும் சொல்லும் முன் ‘நிறுத்து’ அழுத்திவிட்டுக் கடைசிக்குப் போனான். அங்கே பதினெட்டு பேருக்குப் பின்னால் நின்றான். எதிரே இருந்த பெண் பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டது. ஏன் அழுத்தினான் என்று நாங்கள் கேட்கவில்லை; கேட்பதில்லை என்பது எங்கள் விதி. அவன் முறை மறுபடி வருவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அன்று என் தோழன் டோக்கன் எடுத்தான். முகாமின் சமையல்காரம்மா அவன் இணை. “கரண்டு புடிக்குமாய்யா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். ஓடம் இரண்டு முறை பாறையில் முட்டியது.